விளக்குக் கப்பல்கள்: வரலாறும் அமைப்பும்

புத்தூருக்கும் ரேணிகுண்டாவுக்கும் இடையிலுள்ள வடமாலபேட்டை போன்ற உள்நாட்டு ஊர்களில் வாழ்வோருக்குக் கடல் அன்றாடக் காட்சியன்று. அவ்வூரிலிருந்து நேர் கிழக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் சென்று, பழவேற்காட்டு ஏரியையும் ஸ்ரீஹரிகோட்டாவையும் கடந்த பின்னரே வங்கக் கடலைக் காண முடியும். ஆயினும், கடலில் மாலுமிக்கு வழிகாட்டும் அடையாளங்களின் தத்துவத்தை அவ்வூரார் தாம் நன்கறிந்த ஒரு பொருளைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். அது, இருப்புப்பாதையின் ஓரத்தில் முன்னாளில் நின்றிருந்த கைகாட்டி மரமாகும்.

கைகாட்டி மரத்திற்கு இரண்டு பண்புகள் உண்டு. ஒன்று, அது எந்நாளும் தனக்குரிய இடத்திலேயே நிற்பது. அது நிற்கும் இடம் என்ஜின் ஓட்டுநருக்கு முன்னரே தெரியும். மற்றொன்று, அதனை இயக்கும் கம்பி அறுந்துவிட்டால், அதன் கை தானாகவே 'நில்' என்னும் நிலைக்குத் திரும்புவது. பழுதடைந்த காலத்திலும் அது 'வரலாம்' என்று பொய் சொல்லாது. பொய் சொல்லும் அடையாளம், அடையாளமே இல்லாமையினும் கொடியது என்பதே இதன் உட்கருத்து.

இவ்விரு பண்புகளையும், அசையாத நிலத்தில் அன்றி, அலைமேல் மிதக்கும் ஒரு பொருளுக்கு அளிப்பது எவ்வாறு? இக்கேள்விக்கு மாலுமிகளும் பொறியாளரும் ஏறத்தாழ 250 ஆண்டுகளாகக் கண்ட விடையே விளக்குக் கப்பலாகும். உச்சியில் விளக்கை ஏந்தி, கடலில் குறித்த ஓரிடத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்கு இப்பெயர் வழங்குகிறது. மற்றைய கப்பல்கள் செல்வதற்காகக் கட்டப்படுகின்றன. இதுவோ நிற்பதற்காகவே கட்டப்படுகிறது.

கரை விளக்கு போதாத இடங்கள்

சென்னைத் துறைமுகத்தை நாடிவரும் கப்பலுக்குக் கரையிலுள்ள விளக்கே போதுமானது. அங்கு 1796இல் புனித ஜார்ஜ் கோட்டையினுள் இருந்த கட்டடம் ஒன்றின் மேல் முதல் விளக்கு ஏற்றப்பட்டது. 1844இல் அது தனியாகக் கட்டப்பட்ட கல்தூண் ஒன்றுக்கும், 1894இல் உயர்நீதிமன்றக் கட்டடத்தின் கோபுரத்திற்கும், 1977இல் மெரினாக் கடற்கரையில் எழுப்பப்பட்ட புதிய கோபுரத்திற்கும் மாற்றப்பட்டது. வடக்கே, துர்க்கராஜபட்டினத்திற்கு எதிரே கடலில் ஆர்மகான் மணல் திட்டு உள்ளது. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1626இல் பண்டகசாலை அமைத்த ஆர்மகான் என்னும் இடத்தின் பெயரே அத்திட்டிற்கும் வழங்கலாயிற்று. அத்திட்டைப்பற்றிக் கப்பல்களை எச்சரிக்கும் பணியும் கரையில் நிற்கும் கலங்கரை விளக்கத்தாலேயே நிறைவேறுகிறது.

எல்லாக் கடற்கரைகளும் இத்தகையன அல்ல. சில இடங்களில் ஆபத்தான திட்டு, கரை கண்ணுக்கே தெரியாத தொலைவில் கிடக்கும். அங்கே கரையில் ஏற்றும் விளக்கால் பயனில்லை. ஆபத்து உள்ள இடத்திலேயே விளக்கை நிறுத்தியாகவேண்டும். அவ்வாறு நிறுத்துவதற்கு அடித்தளம் யாது என்பதே முதற்கேள்வி.

பாறையும் மணலும்

அடித்தளம் பாறையாயின் வழி உண்டு. இலங்கையின் தென்கிழக்கில், கரையிலிருந்து விலகிக் கடலில் கிடக்கும் 'பெரிய பாசஸ்' என்னும் பாறைத்தொடர் பல கப்பல்களைப் பலிகொண்ட இடமாகும். ஸ்காட்லாந்தில் செதுக்கப்பட்ட கருங்கற்களைக் கப்பலில் கொண்டுவந்து, அலை மோதும் அப்பாறையின்மீதே கோபுரம் எழுப்பி, 1873இல் விளக்கேற்றினர். அது இன்றும் நிற்கிறது.

மணலின் கதை வேறு. பர்மாவில் ஐராவதி ஆற்றின் கழிமுகத்திற்கு வெளியே 'கிருஷ்ணா திட்டு' என்னும் மணல் திட்டு உள்ளது. அதன்மேல் இரும்புக் கால்களை ஊன்றி ஒரு விளக்கம் அமைக்கப்பட்டது. சில ஆண்டுகளே அது பணிபுரிந்தது. 1877இல் அது கடலுள் வீழ்ந்து மறைந்தது. பின்னர் அத்திட்டைக் காட்டுவதற்கு விளக்குக் கப்பலே நிறுத்தப்பட்டது.

இவ்விரு நிகழ்ச்சிகளும் தரும் பாடம் ஒன்றே. பாறை மாறாதது, அதன்மீது நிலையான கோபுரம் எழுப்பலாம். மணலோ நீரோட்டத்தால் அரிக்கப்பட்டும் குவிக்கப்பட்டும் ஆண்டுதோறும் உருமாறுவது. அதன்மேல் ஊன்றிய காலின் அடியிலிருந்தே மணல் அகன்றுவிடக்கூடும். ஆகவே, மணலை நம்பி நிற்பதைவிட, மணலுக்கு மேலே மிதப்பதே பாதுகாப்பானது என்ற முடிவு ஏற்பட்டது.

முதல் விளக்குக் கப்பல்

இக்கருத்து செயலுக்கு வந்த முதல் இடம் இங்கிலாந்தின் தேம்ஸ் ஆற்று முகத்துவாரமாகும். லண்டனுக்குச் செல்லும் கப்பல்கள் அனைத்தும் அங்குள்ள 'நோர்' என்னும் மணல் திட்டைக் கடந்தாகவேண்டும். ராபர்ட் ஹாம்ப்ளின், டேவிட் ஏவரி என்னும் இருவர் முயன்று, 1732இல் அங்கே ஒரு சிறு கப்பலை நங்கூரமிட்டு நிறுத்தினர். அதன் பாய்மரத்தில் குறுக்குக் கட்டை ஒன்றைப் பிணைத்து, அதன் இரு முனைகளிலும் விளக்குகளைத் தொங்கவிட்டனர். கரையிலுள்ள வேறெந்த விளக்கோடும் குழப்பிக்கொள்ளாதபடி இரட்டை விளக்கு வைக்கப்பட்டது என்பது கருதத்தக்கது. 'இங்கே ஒளி இருக்கிறது' என்று சொல்வது மட்டும் போதாது. 'இது இன்ன ஒளி' என்றும் சொல்லவேண்டும் என்னும் நெறியை முதற்கப்பலே கடைப்பிடித்தது.

கடல் அடையாளங்களை அமைக்கும் உரிமை பெற்றிருந்த டிரினிட்டி இல்லம் என்னும் அமைப்பு முதலில் இம்முயற்சியை எதிர்த்தது. பின்னர் அவ்வுரிமையைத் தானே பெற்று, ஏவரிக்குக் குத்தகைக்கு விட்டது. 1736இல் டட்ஜன் திட்டிலும், 1795இல் குட்வின் மணல்திட்டின் வடமுனையிலும் விளக்குக் கப்பல்கள் நிறுத்தப்பட்டன. அமெரிக்காவில் இம்முறை 1820இல் தொடங்கிற்று.

ஹூக்ளியின் வாயிலில்

இந்தியாவில் விளக்குக் கப்பலின் தேவையை நன்கு உணர்த்திய இடம் ஹூக்ளி ஆற்றின் முகத்துவாரமாகும். கல்கத்தாத் துறைமுகம் கடற்கரையில் அமைந்ததன்று. கப்பல் வங்கக் கடலின் வடமுனையை அடைந்த பின்னரும், கழிமுகத்தினுள்ளும் ஆற்றினுள்ளும் 200 கிலோமீட்டருக்கு மேல் செல்லவேண்டும்.

கங்கையும் பிரமபுத்திராவும் சேர்ந்து ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 100 கோடி டன் வண்டலை இழுத்து வருவதாக மதிப்பிடப்படுகிறது. அவ்வண்டலால் உருவான கழிமுகத்தின் முன்னே, கடலினுள் நீண்ட மணல் வரப்புகள் கைவிரல்களைப்போல் தெற்கு நோக்கி நீண்டு கிடக்கின்றன. அவ்விரல்களுக்கு இடைப்பட்ட ஆழமான வாய்க்கால்களே கப்பல் செல்லும் வழிகள். வரப்புகளின் தென்கோடி 'சாண்டுஹெட்ஸ்', அதாவது மணல்முனைகள், என வழங்கப்படுகிறது. அங்கிருந்து பார்த்தால் கரை தென்படாது. தாழ்ந்த கழிமுக நிலத்தில் மலையோ குன்றோ இல்லை. வண்டல் கலந்த கலங்கல் நீர் மட்டுமே எப்புறமும் காணப்படும். வரும் கப்பல் துறைமுக வழிகாட்டியை (பைலட்டை) ஏற்றிக்கொள்ளவேண்டிய இடமும் இதுவே. வழிகாட்டி ஏறிய பின் அவரது அறிவு துணைசெய்யும். அவர் ஏறும் இடத்தைக் கண்டுபிடிப்பதற்குத் துணை யாது?

வழி தவறுவதன் விளைவுக்கு ஆற்றிலேயே சான்று உண்டு. 1694இல் 'ராயல் ஜேம்ஸ் அண்டு மேரி' என்னும் கப்பல் ஹூக்ளியின் மணல் திட்டு ஒன்றில் மோதி அழிந்தது. அக்கப்பலின் பெயரே அத்திட்டின் பெயராக நிலைத்துவிட்டது. இத்தகைய திட்டில் தரைதட்டிய கப்பலை ஓதத்தின் வேகம் பக்கவாட்டில் சாய்த்துக் கவிழ்த்துவிடும். கப்பலின் அடியிலுள்ள மணலை நீரோட்டம் அரித்துவிடுவதால், அது மேலும் மேலும் மணலுள் புதையும்.

ஆகவே, 19ஆம் நூற்றாண்டில் இம்முகத்துவாரத்தில் விளக்குக் கப்பல்கள் வரிசையாக நிறுத்தப்பட்டன. கடலிலிருந்து வருவோர் ஈஸ்டர்ன் சானல் கப்பலின் விளக்கைக் காண்பர். பின்னர் உள்ளே செல்லும்போது லோயர் காஸ்பர், அப்பர் காஸ்பர் ஆகிய கப்பல்களின் விளக்குகளைக் காண்பர். ஒரு விளக்கிலிருந்து மறு விளக்குக்குச் செல்லும் பாதையே கண்ணுக்குத் தெரியாத வாய்க்காலின் பாதையாக அமைந்தது. வரிசையில் ஒரு விளக்கு இடம் மாறினாலும், அப்பாதை நேராக மணல் திட்டுக்கே கொண்டுசெல்லும் என்பது சொல்லாமலே விளங்கும்.

கோபுரத்திற்கு இல்லாத ஓர் ஏற்றமும் கப்பலுக்கு உண்டு. சென்னையின் விளக்கை இடம் மாற்றிய ஒவ்வொரு முறையும் வேறொரு கட்டடம் தேவைப்பட்டது. ஹூக்ளியிலோ ஆழம் இடையறாது அளக்கப்பட்டு வந்தது. வாய்க்கால் விலகியது எனக் கண்டால், கடலோடிகளுக்கு அறிவிப்புச் செய்துவிட்டு, விளக்குக் கப்பலை இழுத்துச் சென்று புதிய இடத்தில் நிறுத்திவிடலாம். அறிவித்து மாறுவது திருத்தம். அறிவியாமல் மாறுவது ஆபத்து. விளக்குக் கப்பலின் அமைப்பு முழுவதும் இந்த இரண்டாவதைத் தடுப்பதற்கே ஏற்பட்டது எனலாம்.

நங்கூரமும் சங்கிலியும்

சாதாரண நங்கூரத்திற்கு இரு கொக்கிகள் உண்டு. ஒன்று மண்ணில் புதைந்திருக்க, மற்றொன்று மேல்நோக்கி நிற்கும். சில மணி நேரம் நிற்கும் கப்பலுக்கு இது போதும். விளக்குக் கப்பலோ ஆண்டுக்கணக்கில் ஓரிடத்தில் நிற்பது. ஓதம் ஏறும்போதும் வடியும்போதும் முகம் திருப்பி, நங்கூரத்தைச் சுற்றிக்கொண்டேயிருப்பது. அவ்வாறு சுற்றும்போது, மேல்நோக்கி நிற்கும் கொக்கியில் சங்கிலி சிக்கி நங்கூரத்தையே பிடுங்கிவிடக்கூடும்.

இதற்கு மாற்றாக வந்தது காளான் வடிவ நங்கூரமாகும். 1807இல் ஸ்காட்லாந்தின் பெல் ராக் பாறையருகே கலங்கரை விளக்கம் கட்டும் பணி தொடங்கியபோது, ராபர்ட் ஸ்டீவன்சன் என்னும் பொறியாளர் அங்கு நிறுத்திய விளக்குக் கப்பலுக்கு இதனைப் பயன்படுத்தினார். கவிழ்த்த குடையைப் போன்ற இவ்விரும்பு, சேற்றிலும் மணலிலும் படிப்படியாகப் புதைந்து, எத்திசையிலிருந்து இழுத்தாலும் ஒரே அளவில் பற்றி நிற்கிறது. சங்கிலி சிக்குவதற்கு நீட்டிய கொக்கி அதில் இல்லை.

சங்கிலியின் பணி கப்பலைக் கட்டி வைப்பது மட்டுமன்று. கனமான சங்கிலி நீரினுள் நேர்கோடாக நில்லாமல் தொய்ந்து தொங்கும். அதன் ஒரு பகுதி கடலடியிலேயே படிந்திருக்கும். பேரலை கப்பலைப் பின்தள்ளும்போது, தொய்வு சிறிது சிறிதாக நிமிர்ந்து, அந்த அடியைத் தன் எடையால் வாங்கிக்கொள்கிறது. அலை கடந்ததும் மீண்டும் தொய்கிறது. ஆகவே, சங்கிலி ஒரு வில்லைப்போல் வேலைசெய்கிறது. புயல் வலுக்கும்போது மாலுமிகள் மேலும் சங்கிலியை நெகிழ்த்துவதன் காரணம் இதுவே. சங்கிலி குறுகியிருப்பின் அலையின் அடி முழுவதும் நேரே நங்கூரத்தில் விழும்.

இதில் ஓர் இக்கட்டு உண்டு. எடுத்துக்காட்டாக, 20 மீட்டர் ஆழத்தில் 120 மீட்டர் சங்கிலி விடப்பட்டிருப்பதாகக் கொள்வோம். சங்கிலி முழுவதும் நிமிர்ந்த நிலையில், கப்பல் நங்கூரத்திற்கு நேர்மேலுள்ள இடத்திலிருந்து ஏறத்தாழ 118 மீட்டர் விலகியிருக்கும். எல்லாத் திசைகளிலும் இவ்வாறு விலகக்கூடும் ஆதலின், கப்பலின் நிலையிடம் என்பது ஒரு புள்ளியன்று. 236 மீட்டர் விட்டமுள்ள ஒரு வட்டமாகும். சங்கிலியை நீட்டினால் பாதுகாப்பு மிகும், வட்டம் விரியும். குறைத்தால் வட்டம் சுருங்கும், பாதுகாப்பு குறையும். அந்தந்த இடத்தின் ஆழம், நீரோட்டம், வாய்க்காலின் அகலம் ஆகியவற்றைச் சீர்தூக்கியே நீளம் முடிவு செய்யப்படும்.

கப்பலின் உடல்

விளக்குக் கப்பலுக்கு வேகம் வேண்டுவதில்லை. இங்கிலாந்தின் விளக்குக் கப்பல்கள் பலவற்றில் செல்வதற்கான எந்திரமே இல்லை; அவை வேறு கப்பலால் இழுத்துச் சென்று நிறுத்தப்பட்டன. அமெரிக்கக் கப்பல்களில் எந்திரம் வைக்கப்பட்டது. புயலில் எந்திரத்தை மெல்ல முன்னோக்கி இயக்கி, சங்கிலியின் மேலுள்ள இழுப்பைக் குறைப்பது அதன் பயன்களுள் ஒன்று.

உடலமைப்பில் இரண்டு செய்திகள் முக்கியமானவை. முதலாவது, சங்கிலி வெளிவரும் துளை முன்பக்கத்தில் இயன்றவரை தாழ்வாக அமைவது. அது உயரத்தில் இருந்தால், சங்கிலியின் இழுப்பு கப்பலின் முகத்தைக் கீழ்நோக்கி அமிழ்த்தும். அலை தளத்தின்மேல் ஏறும். இரண்டாவது, பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைப்பது. இதற்காக, கப்பலின் அடிப்புறத்தில் இருபக்கமும் நீளவாட்டில் இறக்கைபோன்ற பலகைகள் பொருத்தப்பட்டன. கப்பல் சாயும்போது இவை நீரைத் தள்ளவேண்டியிருப்பதால் ஆட்டம் தணியும். ஆட்டம் தணிவது மாலுமிகளின் நலத்திற்கு மட்டுமன்று. விளக்கின் ஒளி தொடுவானத்தை விட்டு வானத்தையும் நீரையும் மாறிமாறி நோக்காமல் இருப்பதற்கும் ஆகும்.

பகலில் விளக்கால் பயனில்லை ஆதலின், கப்பலின் உருவமே அடையாளமாயிற்று. பெரும்பாலும் உடல் முழுவதும் சிவப்பு வண்ணம் பூசி, நிலையிடத்தின் பெயரைப் பெரிய வெள்ளை எழுத்துகளில் பக்கத்தில் எழுதினர். பாய்மரத்தின் உச்சியில் பெரிய உருண்டை முதலிய வடிவங்களை ஏற்றினர். எழுதப்பட்டது கப்பலின் பெயரன்று, இடத்தின் பெயர் என்பதை நோக்கவேண்டும். பழுதுபார்ப்பதற்காக ஒரு கப்பல் கரைக்குச் சென்று மற்றொன்று வந்து நின்றால், அதே இடத்தின் பெயரே அதற்கும் உரியதாகும்.

விளக்கு

தொடக்கத்தில் விளக்குகள் கயிற்றில் தொங்கின, காற்றில் ஆடின, அணைந்தன. ஸ்டீவன்சன் 1807இல் தமது கப்பலில், பாய்மரத்தையே நடுவாகக்கொண்டு அதனைச் சுற்றி வளையமாக அமையும் விளக்குக்கூட்டை அமைத்தார். பகலில் அதனைத் தளத்திற்கு இறக்கி, திரியைச் செப்பம் செய்து எண்ணெய் ஊற்றலாம். மாலையில் உச்சிக்கு ஏற்றலாம். பாய்மரத்தால் மறைக்கப்படாமல் எல்லாத் திசைகளிலும் ஒளி தெரியும். பின்னர், குழியாடிகளால் ஒளியைத் திரட்டும் முறையும், கடிகாரப் பொறியால் அவற்றைச் சுழற்றி மின்னி மறையும் ஒளி தரும் முறையும், கண்ணாடி வில்லைகளும், இறுதியில் மின்விளக்கும் வந்தன. கப்பல் சாய்ந்தாலும் ஒளிக்கற்றை கிடையாகவே செல்லும்பொருட்டு, விளக்கை எப்பக்கமும் அசையக்கூடிய வளையத் தாங்கியில், ஊசற்குண்டு போன்ற எடையுடன் தொங்கவிட்டனர்.

விளக்கு எவ்வளவு தொலைவு தெரியும்? பூமி உருண்டை ஆதலின், ஒளியின் வலிமையோடு உயரமும் இதனை வரையறுக்கிறது. உயரத்தை மீட்டரில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 2.08ஆல் பெருக்கினால், தொடுவானத்தின் தொலைவு ஏறத்தாழக் கடல் மைலில் கிடைக்கும். விளக்கின் உயரம் 12 மீட்டர் எனில் 7.2 கடல் மைல். காண்பவரின் கண் நீர்மட்டத்திற்கு 9 மீட்டர் மேலே இருப்பின் 6.2 கடல் மைல். இரண்டையும் கூட்ட, 13.4 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில் விளக்கு முதலில் கண்ணுக்குத் தெரியும். கடல்மட்டத்திற்கு 57 மீட்டர் மேலேயுள்ள சென்னை மெரினா விளக்கை அதே மாலுமி ஏறத்தாழ 22 கடல் மைலில் காணக்கூடும். கப்பலின் விளக்கு தாழ்ந்தது. எனினும் ஆபத்தின் அருகிலேயே நிற்பதால் அக்குறை ஈடுசெய்யப்படுகிறது.

மூடுபனியும் ஒலியும் வானொலியும்

மூடுபனியில் எவ்வளவு வலிய ஒளியும் சிறிது தொலைவிலேயே மங்கிவிடும். அக்காலத்தில் ஒலியே துணை. முற்காலத்தில் சேகண்டியும் மணியும், பின்னர் ஊதுகுழல்களும் பயன்பட்டன. காற்றில் ஒலி திசைமாறிக் கேட்பதுண்டு ஆதலின், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நீருக்குள் ஒலிக்கும் மணிகள் வந்தன.

வானொலியின் வரலாற்றிலும் விளக்குக் கப்பலுக்கு இடமுண்டு. 1898 டிசம்பரில் மார்க்கோனியின் கருவி, இங்கிலாந்தின் ஈஸ்ட் குட்வின் விளக்குக் கப்பலில் பொருத்தப்பட்டது. 1899 ஏப்ரலில் மூடுபனியின்போது 'ஆர். எஃப். மாத்யூஸ்' என்னும் கப்பல் அவ்விளக்குக் கப்பலின்மீதே மோதியது. உடனே வானொலிவழி உதவி கோரப்பட்டது. இடருற்ற கப்பலொன்று வானொலியால் உதவி கேட்ட தொடக்க நிகழ்ச்சிகளுள் இது ஒன்றாகும்.

1921இல் அமெரிக்க விளக்குக் கப்பல்களில் வானொலி வழிகாட்டிகள் அமைந்தன. ஒலியையும் வானொலிக் குறியையும் ஒரே கணத்தில் வெளியிட்டால் தொலைவையும் அறியலாம். வானொலி அலை உடனே வந்துசேரும். ஒலி நீரில் வினாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் வேகத்தில் வரும். வானொலிக்குறி கேட்ட 4 வினாடிகளுக்குப் பின் நீரொலி கேட்டால், விளக்குக் கப்பல் 6,000 மீட்டர் தொலைவில் உள்ளது எனக் கொள்ளலாம்.

ஆனால், துல்லியமும் ஓர் ஆபத்தைக் கொணர்ந்தது. 1934 மே 15ஆம் நாள் அமெரிக்கக் கரைக்கு அப்பால் மூடுபனி சூழ்ந்திருந்தது. 46,000 டன்னுக்கு மேற்பட்ட 'ஒலிம்பிக்' என்னும் பயணிக்கப்பல், நான்டக்கெட் விளக்குக் கப்பலின் வானொலிக்குறியைப் பின்பற்றி வந்தது. குறி சரியானது, விளக்குக் கப்பலும் தன் இடத்தில்தான் நின்றது. அக்குறியை நோக்கியே நேராக வந்த பெருங்கப்பல், சிறு கப்பலை மோதி மூழ்கடித்தது. கப்பலில் இருந்த 11 பேரில் 7 பேர் மாண்டனர். இதன் பின்னர் 1936இல் அவ்விடத்திற்குக் கட்டப்பட்ட கப்பல், இரட்டைச் சுவரும் நீர்புகாத பல அறைகளும் உடையதாக அமைக்கப்பட்டது.

இடம் தவறினால்

எவ்வளவு காத்தாலும் சங்கிலி அறுவதுண்டு. நங்கூரம் இழுபடுவதும் உண்டு. அப்பொழுது செய்யவேண்டியது யாது? விளக்கு எரிந்துகொண்டேயிருக்கட்டும், ஒளி இல்லாததற்கு ஏதோ ஓர் ஒளி மேல் என்று எண்ணத் தோன்றும். கடலோடிகளின் விதி இதற்கு நேர்மாறானது. நிலையிடத்தை இழந்த விளக்குக் கப்பல், தனக்குரிய விளக்கை அணைத்துவிட வேண்டும்; பகலில் உச்சியிலுள்ள அடையாள உருண்டையை இறக்கிவிட வேண்டும். இரவில் முன்னும் பின்னும் ஒவ்வொரு சிவப்பு விளக்கும், பகலில் முன்னும் பின்னும் ஒவ்வொரு கரிய பந்தும் காட்டவேண்டும். அனைத்துலகக் கொடிக்குறியில் 'எல்', 'ஓ' என்னும் இரு கொடிகளும் சேர்ந்து, 'நான் எனக்குரிய இடத்தில் இல்லை' என்பதைத் தெரிவிக்கும்.

புயலில் அலைக்கழியும் கப்பலின் மாலுமிகள், தம் உயிருக்குப் போராடும் வேளையிலும், முதலில் செய்யவேண்டிய கடமைகளுள் ஒன்று தம் விளக்கை அணைப்பது. கம்பி அறுந்த கைகாட்டி மரத்தின் கை தானே 'நில்' எனக் காட்டுவதற்கும் இதற்கும் வேற்றுமையில்லை. அங்கே எடை செய்யும் வேலையை இங்கே மனிதர் செய்தனர்.

விளக்கைக் காத்தோர்

19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் விளக்குக் கப்பல் ஒன்றுக்கு 11 பேர் நியமிக்கப்பட்டனர். அவர்களுள் 7 பேர் எப்பொழுதும் கப்பலில் இருப்பர். இரண்டு மாதம் கடல், ஒரு மாதம் கரை என முறைவைத்துப் பணியாற்றினர். எங்கும் செல்லாத பயணம் அது. புயல்காலத்தில் மற்றக் கப்பல்கள் துறைமுகம் புகுந்து ஒதுங்கலாம், அல்லது ஆழ்கடல் நோக்கி விலகலாம். விளக்குக் கப்பலுக்கு அவ்விரண்டும் இல்லை. மற்றவர் எந்த இடத்தை விட்டு ஓடவேண்டுமோ, அந்த இடத்தில் நிற்பதே அதன் பணி.

வங்கக் கடலில் இது எத்தகைய பணி என்பதை 1887 மே மாதப் புயலால் உணரலாம். கல்கத்தாவிலிருந்து ஒரிசாவின் சாந்த்பாலிக்குப் புறப்பட்ட 'சர் ஜான் லாரன்ஸ்' என்னும் நீராவிக் கப்பல் ஹூக்ளி முகத்துவாரத்திற்கு அப்பால் அப்புயலில் அகப்பட்டு மூழ்கியது. பூரி ஜகந்நாதரைத் தரிசிக்கச் சென்ற யாத்திரிகர் பலர் உட்பட 700க்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். எந்திர வலிமையுள்ள கப்பலுக்கே அந்நிலை ஏற்பட்ட கடற்பகுதியில்தான், சங்கிலி ஒன்றையே துணையாகக் கொண்டு விளக்குக் கப்பல்கள் நின்றிருந்தன.

1954 நவம்பர் 27ஆம் நாள் விடியுமுன், இங்கிலாந்தின் சவுத் குட்வின் விளக்குக் கப்பல் பெரும்புயலில் சங்கிலி அறுந்து, தான் எந்த மணல் திட்டைப்பற்றி மற்றவரை எச்சரித்து வந்ததோ, அதே திட்டில் கவிழ்ந்தது. மாலுமிகள் எழுவரும் மாண்டனர். பறவைகளின் இடப்பெயர்ச்சியை ஆராய்வதற்காகக் கப்பலில் தங்கியிருந்த ஒருவர் மட்டும் ஹெலிகாப்டரால் மீட்கப்பட்டார்.

இன்றைய நிலை

ஆட்களை ஆபத்தின் நடுவே நிறுத்தாமல் விளக்கை மட்டும் நிறுத்த இயலுமா என்னும் முயற்சி இதன் பின்னர் விரைவுற்றது. ஆழம் குறைந்த இடங்களில் எஃகுக் கால்களுடைய மேடைகள் வந்தன. நியூயார்க் துறைமுகத்தின் ஆம்புரோஸ் விளக்குக் கப்பல் 1967இல் இவ்வாறு மாற்றப்பட்டது. பிற இடங்களில் தானியங்கிப் பெருமிதவைகள் வந்தன. அமெரிக்காவின் கடைசி விளக்குக் கப்பல் 1983இல் நான்டக்கெட்டிலிருந்து விலக்கப்பட்டது. இங்கிலாந்தில் 1980களின் இறுதிக்குள் விளக்குக் கப்பல்கள் யாவும் ஆளின்றி இயங்கலாயின. பின்னர் அவற்றிற்குச் சூரிய ஒளியே மின்சாரம் தரலாயிற்று. ஹூக்ளியிலும் ஆளற்ற விளக்குக் கப்பல்களும் ஒளி மிதவைகளும் பழைய கப்பல்களின் இடத்தைப் பெற்றன. உடலும் விளக்கும் சங்கிலியும் மாறவில்லை. மனிதர் மட்டும் கரைக்குத் திரும்பினர்.

இந்தியாவில் 1927ஆம் ஆண்டின் கலங்கரை விளக்கச் சட்டம், 'கலங்கரை விளக்கம்' என்னும் சொல்லுக்குள்ளேயே விளக்குக் கப்பல், மிதவை, மூடுபனி ஒலிக்கருவி ஆகியவற்றையும் அடக்கியது. கோபுரமாயினும் கப்பலாயினும் அதன் கடமை ஒன்றே என்பது அதன் பொருள். அச்சட்டத்திற்குப் பதிலாக 2021இல் கடல்வழி அடையாளங்களுக்கான புதிய சட்டம் இயற்றப்பட்டது. எனினும் இவற்றைப் பேணும் மத்திய அரசுத் துறையின் பெயரில், கலங்கரை விளக்கங்களோடு 'விளக்குக் கப்பல்கள்' என்னும் சொல்லும் இடம்பெற்றுள்ளது.

இக்காலத்தில் செயற்கைக்கோள்களின் துணையால் ஒரு கப்பல் தன் இடத்தைச் சில மீட்டர் அளவுக்குள் அறியக்கூடும். மிதவையிலுள்ள கருவியும், சங்கிலி அறுந்து தான் விலகினால், அதனைத் தானே உணர்ந்து கரைக்கு அறிவிக்கக்கூடும். கருவிகள் புதியன, அவை பின்பற்றும் நெறி பழையது. பிறருக்கு வழிகாட்டும் பொருள், முதலில் தன் இடத்தில் நிற்கவேண்டும். நிற்க இயலாதபோது, 'நான் என் இடத்தில் இல்லை' என்று வெளிப்படையாக உரைக்கவேண்டும். இருப்புப்பாதையோரத்துக் கைகாட்டி மரத்திற்கும், அங்கிருந்து நெடுந்தொலைவில் ஹூக்ளியின் கலங்கல் நீரில் ஆடி நின்ற சிவப்புக் கப்பலுக்கும் பொதுவான பாடம் இதுவேயாகும்.